சாந்தியின் பதக்கம்: மகளிர் விளையாட்டில் பாலினச் சோதனையும் நம் சொற்களும்



மொழி பற்றிய உரைத்தொடரில் ஓட்டப்பந்தயத்திற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். தலைப்பைத் தெரிவித்தபோது ஏற்பாட்டுக் குழுவினரும் அதையே கேட்டனர். அதற்கான விடையை உரையின் பிற்பகுதியில் சொல்ல முயல்வோம். முதலில் ஓடுகளத்திற்குப் போவோம்.

தேக்காவிலிருந்து சற்று நேரம் நடந்தால் ஃபேரர் பார்க் திடல் வந்துவிடும். முன்னாளில் அது குதிரைப் பந்தயத் திடல். 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் பெயர்ந்தது. திடல் மனிதர்கள் ஓடுவதற்கும் பந்து விளையாடுவதற்கும் உரியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் லிட்டில் இந்தியாவின் புல்வெளிகளில் அமர்ந்து ஊர்க்கதை பேசும் தொழிலாளர்களிடம் எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். அறந்தாங்கி, ஆலங்குடி, திருமயம் என்ற பெயர்கள் அடிக்கடி வந்து விழும். எல்லாம் புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்கள். இன்று நாம் பேசப்போகும் பெண்ணும் அந்த மாவட்டத்துக்காரர்தான்.

இந்த அவையில் உள்ள மாணவர்களுக்குச் சாந்தி என்றால் ஒருவரைத்தான் தெரியும். 2023இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தை 23.03 விநாடியில் முடித்துத் தங்கம் வென்ற சாந்தி பெரேரா. 1974இல் தெஹ்ரானில் 400 மீட்டரில் சீ சுவீ லீ வென்ற தங்கத்துக்குப் பின், 49 ஆண்டுகள் கழித்து ஆசிய விளையாட்டுத் திடல்தடத்தில் சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அன்று நம்முள் பலர் கண் கலங்கினோம். பள்ளிகளில் அந்த ஓட்டத்தைத் திரையிட்டார்கள்.

இன்னொரு சாந்தி இருக்கிறார். அவரும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஓடினார். அவரும் பதக்க மேடையில் நின்றார். அவர் பெயரைச் சொன்னால் உங்கள் பெற்றோரில் சிலர் மட்டுமே தலையசைப்பார்கள்.

சாந்தி சௌந்தரராஜன் 1981இல் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் பிறந்தவர். தாயும் தந்தையும் செங்கற்சூளைத் தொழிலாளர்கள். தாத்தா ஓட்டத்தில் வல்லவர்; ஊர்ப்புறத்து மண் தரையில் பேத்திக்கு ஓடக் கற்றுக்கொடுத்தவர் அவரே. சத்தான உணவு எட்டாத வீட்டிலிருந்து புறப்பட்டு, கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம்பெற்று, 2005இல் தென்கொரியாவின் இஞ்சோனில் நடந்த ஆசியத் திடல்தட வெற்றியாளர் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். அடுத்த ஆண்டு டிசம்பரில் தோஹா.

800 மீட்டர் என்பது கொடுமையான தொலைவு. ஓடியவர்களுக்குத் தெரியும். முழு வேகத்தில் ஓடினால் இரண்டாம் சுற்றில் கால்கள் கல்லாகிவிடும். வேகத்தைச் சேமித்து வைத்தால் மற்றவர்கள் எட்டாத் தொலைவுக்குப் போய்விடுவார்கள். தோஹா இறுதிப் போட்டியில் பஹ்ரைனின் மரியம் யூசுஃப் ஜமால் முன்னே ஓடித் தங்கத்தை உறுதிசெய்துகொண்டார். பின்னே வந்தவர்களுள் கடைசி மீட்டர்களில் கஜகஸ்தான் வீராங்கனையை மயிரிழையில் முந்தி, 2 நிமிடம் 3.16 விநாடியில் சாந்தி கோட்டைத் தொட்டார். வெள்ளிப் பதக்கம் அவர் கழுத்தில் ஏறியது.

அதன்பின் அவரை மருத்துவச் சோதனைக்கு அழைத்தார்கள். ஊக்கமருந்துச் சோதனை விளையாட்டு வீரர்களுக்குப் பழகிப்போனது. இது வேறு சோதனை. மருத்துவர் குழு ஒன்று அவர் உடலை ஆராய்ந்தது. எதற்காக என்று அவருக்கு விளங்கும்படி யாரும் எடுத்துரைக்கவில்லை. ஊருக்குத் திரும்பினார். சில நாள்களில் செய்தி வெளியானது: பாலினச் சோதனையின் அடிப்படையில் பதக்கம் பறிக்கப்படுகிறது. அச்செய்தியை மற்ற எல்லாரையும் போலத் தொலைக்காட்சியிலிருந்தே அறிந்துகொண்டதாக அவரே நேர்காணல்களில் கூறியிருக்கிறார். அவர் உடலைப் பற்றிய உண்மை, அவரைத் தவிர உலகம் முழுவதற்கும் முதலில் சொல்லப்பட்டது.

இந்த இடத்தில் நாம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சாந்தியின் உடல்நிலைக்கு இன்ன பெயர் என்று அன்றைய ஊடகங்கள் பலவாறாக எழுதின. மருத்துவக் குழுவில் இல்லாதவர்களும் தீர்ப்புச் சொன்னார்கள். அவற்றில் எதையும் நாம் இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை. அது அவருக்கும் அவருடைய மருத்துவர்க்கும் உரியது. அவர் பெண்ணாகப் பிறந்ததாகப் பதிவானவர், பெண்ணாக வளர்ந்தவர், தம்மைப் பெண் என்றே சொல்பவர். நமக்கு அது போதும்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். பதக்கம் போன பிறகும் தமிழ்நாட்டின் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி அவருக்கு 15 லட்சம் ரூபாய் பரிசு வழங்கினார். அந்தப் பணத்தைக் கொண்டு சாந்தி ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். ஆனால் ஊரின் பார்வை மாறியிருந்தது. 2007இல் உயிரையே விடத் துணிந்து, காப்பாற்றப்பட்டார். 2012இல் அவர் மீண்டும் பெற்றோர் உழைத்த செங்கற்சூளைத் தொழிலுக்கே திரும்பி நாட்கூலி 200 ரூபாய்க்கு வேலை செய்வதாகச் செய்தித்தாள்கள் எழுதின. ஆசியாவின் இரண்டாவது வேகமான பெண் என்று மேடையில் நின்றவர், ஆறாண்டுகளில் செங்கல் சுமந்தார். அதன்பின் சிலர் முயன்றனர். பயிற்றுநர் படிப்பை முடித்தார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்றுநரானார்.

இந்தச் சோதனை எங்கிருந்து வந்தது என்று இனிப் பார்ப்போம். நம் நாட்டின் சி. குணாளனை அறியாத உடற்கல்வி ஆசிரியர் இங்கு இருக்க முடியாது. அத்தகைய ஆசிரியர்களுக்கே ஆசிரியராக விளங்கியவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக் போட்டியில் அவர் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடியது 33 ஆண்டுகள் தேசியச் சாதனையாக நிலைத்தது. அதே மெக்சிகோ நகரில்தான் கோடைக்கால ஒலிம்பிக்கில் பெண்களுக்கான பாலினச் சோதனை முறையாகத் தொடங்கியது. குணாளன் காலணியைக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினால் போதும். பெண்களோ, தாம் பெண்தான் என்று சான்றிதழ் காட்டியாக வேண்டும்.

அதற்கும் முன்னால் நிலைமை இன்னும் இழிவாக இருந்தது. 1966இல் புடாபெஸ்ட்டில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் பெண்கள் ஆடையின்றி மருத்துவர் முன் நிறுத்தப்பட்டார்கள். அதே ஆண்டு கிங்ஸ்டனில் நடந்த காமன்வெல்த் போட்டியிலும் உடலைத் தொட்டுச் சோதித்தார்கள். இதற்கு எதிர்ப்பு எழுந்ததால்தான் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்த உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்க்கும் முறை வந்தது. இரண்டு எக்ஸ் குரோமோசோம் உள்ள உயிரணுவில் ஒரு கரும்புள்ளி தெரியும். புள்ளி தெரிந்தால் பெண்; தெரியாவிட்டால் வீட்டுக்குப் போ. அவ்வளவு எளிமை.

உடலோ அவ்வளவு எளிமையானதன்று. எக்ஸ், ஒய் குரோமோசோம்களோடு பிறந்தும் பெண்ணுடலாகவே வளர்பவர்கள் உண்டு. அவர்களுள் சிலரின் உடல் டெஸ்டோஸ்டிரோனைச் சுரந்தாலும் அதை ஏற்பதே இல்லை. காதில் விழாத ஓசையைப் போல அந்தச் சுரப்பு அவர்கள் உடலில் வேலை செய்யாமல் போய்விடுகிறது. தசைக்கோ எலும்புக்கோ அதனால் ஒரு பயனும் இல்லை. ஆயினும் நுண்ணோக்கியில் புள்ளி தெரியாது. ஸ்பெயின் நாட்டுத் தடையோட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பத்தீனோவுக்கு இதுவே நேர்ந்தது. 1983இல் சான்றிதழ் பெற்றிருந்தவர், 1985இல் ஜப்பானின் கோபேக்குப் போகையில் அதை எடுத்துச் செல்ல மறந்தார். மறுபடி சோதித்தார்கள். காயம் பட்டதுபோல் நடித்து விலகிக்கொள்ளுமாறு அறிவுரை கிடைத்தது. பின்னர் மறுபடியும் அவ்வாறு சொன்னபோது அவர் பணியவில்லை. விவரம் செய்தித்தாளில் கசிந்தது. உதவித்தொகை, தங்குமிடம், மணம் பேசியிருந்தவர் என எல்லாம் போயின. 1988இல், தம் உடல் டெஸ்டோஸ்டிரோனை ஏற்காதது என்று மெய்ப்பித்துத் தகுதியை மீட்டுக்கொண்டார். ஓடுகிற வயது அதற்குள் கடந்துகொண்டிருந்தது.

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் பங்கேற்ற பிரிட்டிஷ் இளவரசி ஆன் ஒருவருக்கு மட்டும் இச்சோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டதாகச் சொல்வார்கள். அரச குடும்பத்தாரின் பாலினம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது போலும்.

1996 அட்லாண்டாவில் 3,387 பெண்களைச் சோதித்தனர். எட்டுப் பேருக்கு முடிவு வேறாக வந்தது. விசாரித்து, எட்டுப் பேரையும் போட்டியிட அனுமதித்தனர். இத்தனை பேரைச் சோதித்தும் வேடமிட்டு வந்த ஓர் ஆண்கூட அகப்படவில்லை. 1999இல் ஒலிம்பிக் குழு அனைவருக்குமான சோதனையைக் கைவிட்டது. ஐயம் எழுந்தால் மட்டும் சோதிப்பது என்ற வழி எஞ்சியது. சாந்தி சிக்கியது அந்த வழியில்.

கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர் ஒருவர் மனத்தில் இப்போது ஒரு கேள்வி எழலாம்: அப்படியானால் சோதனையே வேண்டாம் என்கிறீர்களா? நேர்மையாகப் பேசுவோம். மகளிர்க்கெனத் தனிப் பிரிவு இருப்பதற்குக் காரணம் உண்டு. உச்சநிலை ஓட்டப் போட்டிகளில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே ஏறத்தாழப் பத்து விழுக்காடு இடைவெளி இருக்கிறது. பருவ வயதில் ஆணுடலில் பெருகும் டெஸ்டோஸ்டிரோனுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. பிரிவு இல்லாவிட்டால் இறுதிப் போட்டியில் பெண்ணே இருக்கமாட்டார். தோஹாவில் மூன்றாவதாக வந்து, பின்னர் வெள்ளிக்கு உயர்த்தப்பட்ட கஜகஸ்தான் பெண்ணுக்கும் ஒரு தாத்தா ஓடக் கற்றுக்கொடுத்திருக்கலாம். அவர் தரப்பை நாம் மறந்துவிடக்கூடாது. கோட்டை எங்கே வரைவது என்பது கடினமான கேள்வி, அறிவியலாளர்களே உடன்படவில்லை. விதிகளைப் பாருங்கள். 2011இல் குருதியின் டெஸ்டோஸ்டிரோன் அளவுக்கு வரம்பு 10 நானோமோல் என்றார்கள். ஒடிசாவின் நெசவாளர் குடும்பத்துப் பெண் டுட்டி சந்த் 2014இல் அவ்விதியால் காமன்வெல்த் போட்டிக்கான அணியிலிருந்து நீக்கப்பட்டார். எதிர்த்து வழக்காடி, 2015 ஜூலையில் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றத்தில் அவ்விதியை நிறுத்திவைக்கச் செய்தார். 2018இல் வரம்பு 5 ஆயிற்று, அதுவும் 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும். 2023இல் 2.5 ஆயிற்று, எல்லாப் போட்டிகளுக்கும். 2025 செப்டம்பர் முதல் உலகத் திடல்தட அமைப்பு அளவுகோலையே மாற்றி, உலக வெற்றியாளர் போட்டியில் மகளிர் பிரிவில் ஓட விரும்பும் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறை எஸ்ஆர்ஒய் என்னும் மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்கிறது. 1990இல் அந்த மரபணுவைக் கண்டறிந்த ஆய்வாளர்களுள் ஒருவரான ஆண்ட்ரூ சின்கிளேரே, அதை மட்டும் வைத்துப் பாலினத்தை முடிவுசெய்வது தவறு என்று எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவின் கேஸ்டர் செமென்யா தொடுத்த வழக்கில், அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேராயம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. விதி சரியா தவறா என்பதற்குள் அது போகவில்லை.

செமென்யாவும் 800 மீட்டர் ஓட்டக்காரர்தான். 2009இல் அவர்மீது ஐயம் எழுப்பப்பட்டபோது அவருக்குப் பின்னே அவருடைய நாடே எழுந்து நின்றது. சாந்திக்கு அது வாய்க்கவில்லை. வழக்காடவும் அவருக்கு வழி சொல்வார் இருக்கவில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இந்தப் பொருளைப் பற்றிப் பேசும்போது இது எங்கோ நடப்பது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 2015 ஜூன் மாதம் இங்கேயே நடந்தது.

அந்த ஆண்டு தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகள் சிங்கப்பூரில் நடைபெற்றன. காலாங்கில் புதிய விளையாட்டு நடுவம் திறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. மகளிர் 200 மீட்டரில் சாந்தி பெரேரா தங்கம் வென்றார். 1973இல், அதுவும் சிங்கப்பூரில், ஆசிரியை குளோரி பர்னபாஸ் வென்ற பிறகு 42 ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த வெற்றி அது. நாம் அந்த மகிழ்ச்சியில் இருந்தபோது, சில நூறு மீட்டர் தள்ளி ஓசிபிசி அரங்கத்தில் மகளிர் கைப்பந்தாட்டம் நடந்துகொண்டிருந்தது. இந்தோனேசிய அணியில் அப்ரிலியா மங்கனாங் என்பவர் ஆடினார். அவர் அடிக்கும் பந்தைத் தடுப்பார் இல்லை. தோற்றமும் குரலும் கட்டான தோள்களும் பார்த்த பிலிப்பீன்ஸ் தரப்பு, அவருடைய பாலினத்தைச் சோதிக்க வேண்டும் என்று கோரியது. ஏற்பாட்டாளர்கள் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. ஆட்டம் நடந்தது, இந்தோனேசியா வென்றது. சமூக ஊடகங்களில் சில நாள்கள் கேலிப் படங்கள் உலவின. பிறகு எல்லாரும் மறந்தோம்.

ஆறாண்டுகள் கழிந்தன. மங்கனாங் இடையில் இந்தோனேசிய இராணுவத்தில் சேர்ந்திருந்தார். 2021 மார்ச்சில் அந்நாட்டின் தரைப்படைத் தலைவர் ஜெனரல் ஆண்டிகா பெர்காசா ஒரு செய்தியை அறிவித்தார். இராணுவ மருத்துவமனையில் செய்த முழுப் பரிசோதனையில் மங்கனாங் ஆண் என்று தெரிந்திருந்தது. சிறுநீர்த் துளை வழக்கமான இடத்தில் அமையாத ஒரு பிறவிநிலை அவருக்கு இருந்தது. வடக்குச் சுலாவேசியின் தொலைதூரத் தீவொன்றில், வசதியற்ற குடும்பத்தில் பிறந்த குழந்தையைப் பார்த்தவர்கள் பெண் என்று எண்ணிவிட்டார்கள். அப்படியே பெயரிட்டு, அப்படியே வளர்த்தார்கள். அறுவைச் சிகிச்சை நடந்தது. அதே மாதம் நீதிமன்றம் அவருடைய பாலினப் பதிவையும் பெயரையும் மாற்றித் தந்தது. அப்ரிலியோ பெர்காசா மங்கனாங். தம்மோடு நின்ற தளபதியின் பெயரைத் தம் பெயரில் சேர்த்துக்கொண்டார்.

இந்த நிகழ்ச்சி சோதனையை எதிர்ப்பவர்களுக்குச் சங்கடம் தரும். நமக்கும் தந்தது. சிங்கப்பூரில் ஐயம் எழுப்பியவர்களின் கணிப்பு ஒரு வகையில் பொய்யாகவில்லை. வலைக்கு எதிர்ப்புறம் நின்ற பெண்கள் தங்களுக்கு அநீதி நேர்ந்ததாக எண்ணினால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதை மறைத்துவிட்டுப் பேசுவது அறமன்று. ஆனாலும் அன்றைக்குக் காலாங்கில், ஆட்டத்துக்கு முந்திய பரபரப்பில், கூட்டம் வெளியே காத்திருக்க, அவரைத் தனியறைக்கு அழைத்துச் சென்று சோதித்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 23 வயது இளையருக்குத் தம் பிறப்பைப் பற்றிய செய்தி, அயல்நாட்டில், எதிரணியின் முறையீட்டுக்கு விடையாகக் கிடைத்திருக்கும். மறுநாள் எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்திருக்கும். இன்னொரு தோஹா. 2021இல் அதே உண்மை மருத்துவர் வாயிலாகத் தெரியவந்தது; சிகிச்சையும் சட்டமும் உடன் வந்தன; உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் அருகில் ஆள் இருந்தது. இராணுவத் தலைவர் செய்தியாளரைக் கூட்டித்தான் அதை அறிவிக்க வேண்டுமா என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆயினும் மங்கனாங்குக்கு அது வாழ்வின் தொடக்கமாயிற்று. சாந்திக்கு அது போன்ற ஓர் உண்மை, உண்மைதானா என்று எழுத்தில்கூடக் கையில் தரப்படாமல், தொலைக்காட்சியிலிருந்து வந்து விழுந்தது.

இனி மொழிக்கு வருவோம். 2006 டிசம்பரில் நம் தமிழ் ஊடகங்கள் பலவும் ஆண்ட தொடர் 'பாலினச் சோதனையில் தோல்வி' என்பது. அன்று நாமும் அதைப் பேச்சில் கூசாமல் சொன்னோம். தேர்வு எழுதித் தோற்கலாம், பந்தயத்தில் தோற்கலாம். பிறப்பில் ஒருவர் எப்படித் தோற்பார்? தோல்வி என்ற சொல், முயற்சியில் குறை இருந்ததாகவோ ஏமாற்று இருந்ததாகவோ கேட்பவர் மனத்தில் ஒரு நிழலை விழச்செய்கிறது. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியவருக்கும் அதே சொல், இவருக்கும் அதே சொல். கத்தக்குறிச்சியில் தெருவில் போன பெண்ணைப் பார்த்துச் சிரித்தவர்களுக்குக் குரோமோசோம் தெரியாது. அந்தச் சொல் தெரியும்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஐம்பால் படித்திருப்பீர்கள். ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால். இந்த ஐந்துக்குள் அடங்காதவர்களை என்ன செய்வது என்ற கேள்வி தொல்காப்பியருக்கே எழுந்தது. கிளவியாக்கத்தின் தொடக்க நூற்பாக்களிலேயே அதை எடுத்துக்கொள்கிறார். ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்கெனத் தனி ஈறு கிடையாது; அது உயர்திணைக்குள்ளேயே நின்று அங்குள்ள பால் ஈறுகளை ஏற்கும் என்பது அவர் கூறும் விதி. அதை ஆண்பாற் சொல்லால் சுட்டுவதற்கு இடமில்லை என்றும் வேறோரிடத்தில் சொல்கிறார். பல நூற்றாண்டுகள் கழித்து வந்த நன்னூல், ஆண்பால் பெண்பால் முடிவுகளைத் தந்துவிட்டு, இத்தகையோர் அஃறிணையை ஒத்தும் வரலாம் என்று இடம்கொடுக்கிறது. இரு நூல்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது அந்த ஒரு படி இறக்கம் நம்மை உறுத்துகிறது. நூற்பாக்களில் வரும் பழஞ்சொற்கள் இன்று வசையாகிவிட்டன. இலக்கண வகுப்பில் விளக்கலாம், மனிதரைச் சுட்ட ஆளலாகாது. திருநங்கை, திருநம்பி என்ற சொற்கள் வேறு பொருளுடையவை. பிறப்பிலேயே உடலமைப்பு வேறுபட்டவர்களைக் குறிக்கத் தமிழ்நாட்டுச் செயற்பாட்டாளர்கள் ஊடுபால் என்ற சொல்லை வழங்கிவருகிறார்கள். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பும் கட்டுரைகளை மாணவர்கள் எழுதுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

தமிழில் இன்னொரு வசதி இருக்கிறது. 'அவர்' என்பது பலர்பால். மரியாதையின் பொருட்டு ஒருவருக்கும் ஆகிவந்தது. ஆணா பெண்ணா என்று அது கேட்பதில்லை. சற்று முன் மங்கனாங்கின் கதையைச் சொன்னபோது, 2015க்கு ஒரு சொல்லும் 2021க்கு வேறு சொல்லும் நாம் தேட வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் எழுதிய செய்தியாளர்கள் அவ்விடத்தில் திண்டாடினார்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் விளையாட்டு விழாவுக்கு நாம் விருந்தினராகச் சென்றிருந்தோம். 400 மீட்டரில் முடியை ஒட்ட வெட்டிய ஒரு மாணவி மற்றவர்களை வெகு தொலைவு பின்தள்ளி ஓடிவந்தார். பார்வையாளர் வரிசையிலிருந்து தமிழில் ஒரு குரல்: “இது பொண்ணுதானா, நல்லாப் பாருங்கப்பா!” சிரிப்பு எழுந்தது. நம் அருகில் அமர்ந்திருந்த பெரியவர்களும் சிரித்தார்கள். பரிசு கொடுக்கும்போது அந்த மாணவி நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அடுத்த ஆண்டு அதே விழாவில் அவரைத் தேடினோம். ஓடவில்லை, நூலக மாணவர் படையில் சேர்ந்துவிட்டார் என்றார்கள். நூலகம் நல்ல இடம்தான். ஆனால் அன்று அந்தக் குரலுக்கு மறுமொழியாக ஒரு சொல் சொல்லும் தகுதியும் ஒலிவாங்கியும் நம் கையில் இருந்தன. சொல்லவில்லை. இன்றும் அது மனத்தில் முள்ளாக இருக்கிறது.

தோஹாவில் கேட்ட கேள்வியும் அந்த விழாவில் கேட்ட கேள்வியும் ஒன்றுதான். உடற்கல்வி ஆசிரியர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். வேகமாக ஓடும் பெண்பிள்ளையின் உடலைப் பற்றி முதலில் பேசப்படுவது உங்கள் திடலில்தான். பருவம் தாமதிக்கிறது, மாதவிடாய் வரவில்லை என்பது போன்ற செய்திகள் சில வேளை பெற்றோரைவிட உங்களுக்கு முன்னதாகத் தெரியவரலாம். அதை மற்றோர் ஆசிரியரிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடாமல், பெற்றோரிடம் தனியே சொல்லி மருத்துவரிடம் அனுப்புவது உங்களால் முடியும். சாந்தியின் பள்ளிக் காலத்தில் யாரேனும் அப்படிச் செய்திருந்தால், அவர் தோஹாவுக்குப் போனாலும் போகாவிட்டாலும், தம் உடலைப் பற்றித் தாமே முதலில் அறிந்திருப்பார். தமிழ்நாட்டில் 2019இல் சென்னை உயர்நீதிமன்றம், ஊடுபால் குழந்தைகளுக்கு அவர்கள் ஒப்புதலின்றி ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்கும் அறுவைச் சிகிச்சை செய்வதைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. அரசும் ஆணை பிறப்பித்தது. உடலைப் பற்றிய முடிவில் அதற்குரியவருக்கே முதலிடம் என்ற எண்ணம் சட்டத்தில் மெல்ல நுழைகிறது. விளையாட்டு விதிகளில் இன்னும் நுழையவில்லை.

2025இன் மரபணுச் சோதனை அனைவருக்கும் பொது என்பதால், முன்புபோல் ஐயத்துக்குள்ளான ஒருவரை மட்டும் தனியே அழைக்கும் நிலை இராது என்று அதை ஆதரிப்போர் கூறுகிறார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. கன்னத்தைச் சுரண்டுவதில் வலியும் இல்லை. ஆனால் முடிவு வேறாக வந்தால் அதை அந்தப் பெண்ணிடம் யார் சொல்வார், எந்த மொழியில், எந்த அறையில் அமர்ந்து சொல்வார் என்ற கேள்விகள் கன்னத்தைச் சுரண்டியதோடு தீர்ந்துவிடுவதில்லை. ஆங்கிலமோ பிரெஞ்சோ தெரியாத ஒரு பெண் இன்று எங்கேனும் ஒரு மண் தரையில் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். அந்தச் செய்தியை அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டி வந்தால் என்ன சொற்களால் சொல்வோம்? சென்ற வாரம் நாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். நான்கு வரிக்கு மேல் போகவில்லை. மூன்று வரிகளை அடித்துவிட்டோம்.

அந்தத் தாளை உங்களிடம் தருகிறோம். ஆசிரியர்கள் குழுவாக அமர்ந்து முடிந்தால் நிரப்பிப் பாருங்கள். மாணவர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்த வினாக்கள் மேசையில் குவிந்திருக்கின்றன. முதல் சீட்டில், “சாந்திக்குப் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்களா?” என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, கொடுக்கவில்லை. அடுத்த சீட்டை எடுப்போம்.